குடியிருக்க ஓர் இடம்: ஸ்தல ஸ்தாபனங்களும் நம் சங்கமும்

"நம் சீமையில் வீடற்றவர் யார் இருக்கிறார்கள்? அது பட்டணத்துப் பிரச்னை" என்று நம் அங்கத்தினர்களில் சிலரே சொல்லக் கேட்கிறோம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். சென்னையிலும் மும்பையிலும் காண்பது போல நடைபாதையில் அடுப்பு மூட்டிக் குடும்பம் நடத்துவோரை அருப்புக்கோட்டைக் கடைவீதியிலோ திருச்சுழிக் கோயில் வாசலிலோ காண்பது அரிது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது. இங்கே வீடிழந்தவனை மறைத்து வைப்பது நம் உறவுமுறை. சுவர் விழுந்தவன், அல்லது வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னவன், முதலில் அண்ணன் வீட்டுத் திண்ணைக்குப் போகிறான். மனைவி மக்கள் அவள் பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள். அச்சும் விழுதும் மூட்டையாகி யாருடைய பரணிலோ ஏறுகின்றன. இரண்டு மாதத்தில் திண்ணையில் முகச்சுளிப்புத் தொடங்குகிறது. நாலாவது மாதம் அவன் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுகிறான். ஊரார் "பிழைக்கப் போயிருக்கிறான்" என்கிறார்கள். வீடு போனதால் போனான் என்று எந்தப் பதிவேட்டிலும் எவரும் எழுதி வைப்பதில்லை.

சர்க்கார் கணக்கிலும் இதே மறைப்புத்தான். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர் என்று கண்டார்கள். யாரை வீடற்றவராகக் கொண்டார்கள் எனில், சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களின் உட்புறம், மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய மேடை ஆகிய இடங்களில் திறந்த வெளியில் படுத்திருந்தவர்களை மட்டுமே. அண்ணன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவன் அண்ணன் வீட்டுக் கணக்கில் ஓர் ஆளாகிப் போனான்.

இவ்விஷயத்தில் அயல்நாடு ஒன்றன் வழக்கை நம் அங்கத்தினர்கள் அறிவது பயனுள்ளது. இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டம், வீடற்றோர்க்கு இருப்பிடம் தேடித் தருவதை ஸ்தல கவுன்சில்களின் சட்டக் கடமையாக்கிற்று. எல்லோருக்கும் அன்று, குழந்தைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி, முதியோர், நோயாளி முதலியோர்க்கு முன்னுரிமை. உறவினர் தயவில் ஒண்டியிருப்பவனும், இருக்க உரிமையில்லாத இடத்தில் இருப்பதால், அங்கே வீடற்றவனாகவே கொள்ளப்படுகிறான். 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிந்திய சட்டமோ இன்னும் ஒரு படி முன்சென்றது. இன்னும் 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலையிலிருப்பவர் வந்து சொன்னாலே போதும். இருக்கும் வீட்டைக் காப்பாற்றித் தரவோ வேறிடம் பிடித்துத் தரவோ கவுன்சில் முயல வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை; அங்கும் வரிசை நீளந்தான். ஆயினும் வீடு போன பின்பு வா என்னாமல், போகுமுன் வா என்று சட்டமே அழைப்பது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அத்தகைய கடமை விதிக்கப்படவில்லை. திட்டங்கள் பல உண்டு. ஆனால் கதவைத் தட்டியவனுக்குக் கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற விதி இல்லை. ஆகவே முன்கூட்டித் தட்டுவதும், ஒருவராகத் தட்டாமல் பலராகத் தட்டுவதும் நம் பொறுப்பாகின்றன. அதை ஏன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதவேண்டும் என்று கேட்பார் இருக்கலாம். அதற்கு விடை நெசவாளியின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நெசவாளிக்கு வீடு உறங்குமிடம் மட்டுமன்று, தொழிற்சாலையும் அதுவே. குழித்தறி தரையைத் தோண்டி அமைப்பது. கால்மிதி இயங்கக் குழி வேண்டும். தூண்கள் நட வேண்டும். பாவை நீட்டிக் கட்ட வீட்டின் நீளமே அளவுகோலாகிறது. பசை போட்ட பாவை ஆற்றுவதற்குத் தெரு வேண்டும். அந்தத் தெருவில் இன்னும் பத்துத் தறிகாரர்கள் வேண்டும், ஏனெனில் பாவாற்றுவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமன்று. தார் சுற்றும் கிழவியும் பள்ளி விட்டு வந்து நூல் எடுத்துக் கொடுக்கும் பிள்ளையும் அவ்வீட்டிலேயே இருக்க வேண்டும். இந்த வீடு போனால் அவனுக்குப் போவது கூரை மட்டுமன்று. புதிதாக வாடகைக்கு வீடு தேடினால், "தரையைத் தோண்டுவாயா? அப்படியானால் வேண்டாம்" என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார். கைத்தறிக்கு இரண்டு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தினார்கள்; அச்சலுகையும் மின் இணைப்போடு, அதாவது வீட்டோடு, கட்டுண்டது. சங்கத்திலிருந்து நூல் வாங்கி நெய்து கூலி பெறும் உறவும் தறி நின்ற அன்றே நின்றுபோகிறது. ஓர் அங்கத்தினரின் வீடு விழுந்தால் சங்கத்தின் தறிக் கணக்கில் ஒன்று குறைகிறது. இதைவிட நேரான சங்கக் காரியம் வேறு என்ன இருக்க முடியும்?

விவசாய அங்கத்தினர்க்கும் இதே நிலைதான், வேறு உருவத்தில். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மல்லியும் வற்றலும் குதிரைவாலியும் விளைவிப்பவருக்கு வீடே கிடங்கு. அறுவடை முடிந்த வாரத்தில் விலை எப்போதும் தாழ்ந்தே இருக்கும். மூட்டையை வீட்டில் அடுக்கிவைத்து இரண்டு மாதம் பொறுத்திருக்க முடிந்தவனே நல்ல விலை காண்கிறான். ஒழுகும் கூரையின் கீழ் வற்றலை வைத்திருக்க முடியாது, பூசணம் பிடித்துவிடும். அடுத்த ஆடிக்கு விதை வைத்திருக்கவும் இடமில்லை. ஆகவே அவன் களத்திலேயே, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். கூட்டுறவு விற்பனை என்று மேடையில் நாம் பேசுவதெல்லாம் அவன் கூரையில் உள்ள ஓட்டை வழியே ஒழுகிப் போகிறது.

இப்பகுதியில் வீடு எவ்வாறு போகிறது என்பதையும் சற்று ஆராய வேண்டும். தீயும் வெள்ளமும் ஒரே நாளில் கொண்டுபோவது உண்டு. ஆனால் பெரும்பாலும் நம் வீடுகள் மெல்ல மெல்லவே போகின்றன. முதற் காரணம் நம் மண். கரிசல் மண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நீர் குடித்து உப்பும். ஆழமற்ற அடித்தளத்தின் மேல் நிற்கும் சுவரை அது ஆண்டுதோறும் ஒருமுறை தூக்கி ஒருமுறை இறக்குகிறது. மூலையில் விரல் நுழையும் விரிசல் கண்டதும் சுண்ணாம்பு அடைத்துப் பூசிவிட்டுச் சும்மா இருக்கிறோம். பத்தாவது மழையில் சுவர் சாய்கிறது. செம்மண் தரையில் முப்பது ஆண்டு நிற்கும் வீடு இங்கே அதில் பாதிக் காலம் நிற்பதும் அரிது. முன்னாளில் தொகுப்பு வீடுகள் என்று கட்டிக் கொடுத்தவற்றில் பலவற்றின் மேல்தளம் பெயர்ந்து கம்பி தெரிவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது, பாகப்பிரிவினை. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கும். மூன்று சகோதரர்களில் ஒருவர் மற்றவரை வெளியேற்றுவார். வெளியேறியவனிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. விதவைகளின் நிலை இதனினும் மோசம். கணவன் இருந்தவரை அவளுடைய வீடு. இறந்த மறுமாதம் மைத்துனருடைய வீடு. மூன்றாவது, புறம்போக்கு. கண்மாய்க் கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் வீடு கட்டிக்கொண்டவர்கள் இரண்டு தலைமுறை வரி செலுத்தியிருந்தாலும், நீர்நிலை என்ற காரணத்தால் அங்கே பட்டா கிடைப்பதில்லை. 2007-ஆம் ஆண்டில் ஏரி கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்துவிட்டது. கண்மாயை நம்பி வாழும் சீமையில் அச்சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அகற்றப்படுபவன் எங்கே போவான் என்ற கேள்வியை யாரேனும் கேட்டாக வேண்டும்.

இனி, உதவி நாடிச் செல்பவன் படும் அலைச்சலுக்கு வருவோம். வீடு என்றதும் நம் மக்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே மனைப் பட்டா கேட்கிறார்கள். பட்டாவுக்காகத் தாலுகா கச்சேரிக்குப் போனால், வீடு கட்டும் பணம் ஒன்றிய அலுவலகத்தில் என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில், கிராம சபையின் ஒப்புதல் பெற்ற பட்டியலில் உம் பெயர் இல்லை என்கிறார்கள். மூவர் சொல்வதும் உண்மையே. ஆனால் மூன்று உண்மைகளுக்கிடையில் ஒரு குடும்பம் வெயிலில் நிற்கிறது. ஆகவே இதைத் தெளிவாக மனத்தில் கொள்க: மனை தருவது வருவாய்த்துறை, அதாவது கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துத் தாசில்தார் வழங்குவது. வீடு கட்டப் பணம் தருவது ஊராட்சி ஒன்றியம், பட்டணத்தில் நகராட்சி. யாருக்குத் தருவது என்பதில் ஊர் கூடிச் சொல்லும் இடம் கிராம சபை. வீட்டு வரி ரசீது வைத்திருப்பது மனைக்கு உரிமையாகாது. குடியிருந்ததற்குச் சாட்சியாக மட்டும் பயன்படும். அதையும் தொலைத்துவிடுகிறோம்.

பணத்துக்குத் திட்டம் இல்லாமல் இல்லை. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு வீடு ஒன்றுக்கு ரூ.1,20,000 என்று வகுத்தார்கள். மாநில சர்க்காரும் தன் பங்கைச் சேர்த்தது. 2024-25 பட்ஜெட்டில் தமிழ்நாடு சர்க்கார் கலைஞரின் கனவு இல்லம் என்ற பெயரில், 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளை மாற்றுவதென்று அறிவித்து, வீடு ஒன்றுக்கு ரூ.3,50,000 ஒதுக்கிற்று. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. நெசவுக்கூடம் கட்டிக்கொள்ள மத்திய சர்க்காரின் கைத்தறி வளர்ச்சித் திட்டத்திலும் உதவி உண்டு. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் எல்லாவற்றுக்கும் வாசற்படியாக நிற்கும் கேள்வி ஒன்றே: "சொந்த மனை இருக்கிறதா?" இருப்பவனுக்கே வீடு, இல்லாதவனுக்கு விண்ணப்பப் படிவமும் இல்லை. வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவனும், பாட்டனார் பெயரில் பட்டா இருக்கிறவனும், புறம்போக்கில் இருப்பவனும் அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். வீடு மிகவும் தேவைப்படுபவர்களும் இவர்களே.

பட்டியலிலும் ஒரு கோளாறு உண்டு. கிராம வீட்டுத் திட்டத்துக்கு 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டார்கள். அதன் பின்பு சுவர் இடிந்தவன் கணக்கில் வீடுள்ளவனாகவே நின்றான். விட்டுப்போனவர்களைச் சேர்க்க 2018-இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது; அப்போது ஊரில் இருந்தவர் பெயர் ஏறிற்று, திருப்பூரில் இருந்தவர் பெயர் ஏறவில்லை. வீடு போனதாலேயே ஊரை விட்டுப் போனவன், ஊரில் இல்லாத காரணத்தால் வீட்டுப் பட்டியலிலும் இல்லாமற்போகிறான். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அருப்புக்கோட்டைப் பட்டணத்திலிருக்கும் அங்கத்தினர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். நகரங்களில் வீடற்றோர்க்கு இரவும் பகலும் திறந்திருக்கும் காப்பகங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்பது அளவு. 2011 கணக்கில் நம் நகரின் மக்கள்தொகை 87,722. லட்சத்தை எட்டாத ஊருக்கு அந்த அளவு எட்டுவதில்லை. எட்டினாலுந்தான் என்ன? காப்பகத்தில் தறி போட முடியாது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஊரோரங்களில் கட்டும் அடுக்குமாடி வீடுகளும் அவ்வாறே. மூன்றாம் மாடியில் குழித்தறிக்குக் குழி தோண்டினால் இரண்டாம் மாடிக்காரர் தலையில் நெசவாளியின் கால் போய் நிற்கும்! நெசவாளிக்கு வேண்டியது தரை, மண் தரை. திட்டம் தீட்டுவோர் காதில் இச்சிறு விஷயம் இதுவரை விழுந்ததாகத் தெரியவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர் அறியவேண்டியது வேறொன்று. வீட்டுக்காரர்க்கும் வாடகைதாரர்க்கும் உள்ள உரிமை பொறுப்புகளை முறைப்படுத்த 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலாக்கிய சட்டம் நகரப் பகுதிகளில் வழங்குகிறது. அதன்படி வீட்டுக்காரர் தாமே சாமான்களை வெளியே எறிய முடியாது. நீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க முடியாது. காலி செய்யும் உத்தரவை வாடகை நீதிமன்றத்தில்தான் பெறவேண்டும். ஆனால் அதே சட்டம் எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கேட்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே காலி செய்யச் சொல்லப் போதிய காரணமாகிறது. நம் தெருக்களில் வாய்ச்சொல் வாடகையே வழக்கம். இருபது ஆண்டு நேரத்துக்கு வாடகை கொடுத்தவன், ஒரு காகிதம் இல்லாததால், நேற்று வந்தவனைவிடத் தாழ்ந்து போகிறான். ஒப்பந்தத்தில் தறிக்குழிக்கு வீட்டுக்காரரின் இசைவையும் ஒரு வரியில் எழுதிக்கொள்வது நல்லது.

கிராமத்தாருக்குப் பழைய உரிமைகள் சில உண்டு. நில உடைமையாளரின் நிலத்தில் 1971 ஜூன் 19-ஆம் தேதியில் குடியிருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் அக்குடியிருப்பைச் சொந்தமாக்கி அவ்வாண்டில் சட்டம் வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன்படி ஆவணம் பெறாத குடும்பங்கள் இன்னும் இருந்தால், பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே வாக்குமூலமும் பழைய ரசீதுகளும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிராம நத்தம் சர்க்காருக்குச் சொந்தமானதன்று, அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்க்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. ஆகவே நத்தத்தில் இருப்பவர் "புறம்போக்குத்தானே" என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. நத்தம் பட்டாவுக்கு மனுச் செய்யலாம். உண்மையான புறம்போக்கில் இருப்பவருக்கும் முன்னறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் உண்டு. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அகற்றுவதை அது தடை செய்யவில்லை. ஆனால் மழைக்காலம் கழியும் வரை அகற்றலாகாது என்று தேதி குறித்தது. நம் பகுதியில் மழை ஐப்பசியில் தொடங்குகிறது. அந்த மாதங்களில் கண்மாய்க் கரையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தாதிருக்கக் கோருவது நியாயமான கோரிக்கையே.

எப்போது கேட்பது என்பதே முக்கியம். சுவரில் விரிசல் கண்ட அன்று, காலி செய்யச் சொன்ன அன்று, ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்டிய அன்று மனு எழுதவேண்டும். வாயால் சொல்வது மனுவாகாது. இரண்டு பிரதி எழுதி ஒன்றில் அலுவலகத்தின் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்க. திங்கட்கிழமைதோறும் விருதுநகரில் கலெக்டர் மனு வாங்கும் நாளில் கொடுத்தால் எண் கிடைக்கும். பின்னர் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். பட்டா, பெயர் மாற்றம், வாரிசு முதலியவற்றுக்குத் தாலுகாவில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி தக்க சமயம். கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022-இல் மேலும் இரு நாட்கள் சேர்க்கப்பட்டு ஆறாயிற்று. நம் அங்கத்தினர்கள் அதற்குச் செல்வதில்லை. சென்றவரும் தண்ணீரும் தெருவிளக்கும் பேசித் திரும்புகிறார்கள். "எங்கள் ஊரில் மனையில்லாக் குடும்பங்கள் இவை" என்று பெயர் சொல்லித் தீர்மானம் எழுதச் செய்தால், அது ஒரு பதிவாக நிற்கும். தாசில்தாருக்கும் ஒன்றியத்துக்கும் அதன் நகலை அனுப்பலாம்.

2025 ஜனவரியில் நம் ஜில்லாவின் ஊராட்சித் தலைவர்களுடைய பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஊர்க்காரர் ஒருவர் தலைவராக இருந்தால் இரவிலும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம். அலுவலரின் திண்ணை எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? தேர்தல் உரிய காலத்தில் நடைபெறுவது வீடற்றோர் பிரச்னையோடு சம்பந்தப்பட்டதே என்பதை அப்போது கண்டோம். எனினும் தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை என்பது ஊர் மக்களே. மழையில் வீடு விழுந்தால் மறுநாளே கிராம நிர்வாக அலுவலரை அழைத்து வந்து பார்க்கச் செய்வதும் இத்துடன் சேர்ந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தென் ஜில்லாக்களில் சேதமுற்ற குடிசைக்கு உதவித் தொகை அறிவித்தார்கள். அது ஒரு கூரைக்குக் காணாது என்பது வேறு. இடிந்ததை அப்புறப்படுத்திய பின்பு மனுக் கொடுத்தவனுக்கு அதுவும் கிடைப்பது கடினம்.

இவ்வளவும் தனி மனிதன் செய்யக்கூடியவை. தறியை நிறுத்திவிட்டு ஐந்து நாள் அலைந்தால் ஐந்து நாள் கூலி போகும், அதனாலேயே செய்வதில்லை. ஆகவே சங்கம் இதை ஏற்கவேண்டும் என்பது என் துணிபு. சங்கத்துக்கு வீட்டு வசதி வேலையா, நூலும் கூலியும் பார்ப்பதே போதாதா என்பார்க்குப் பழைய வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1953-இல் மில் துணிக்குக் கஜத்துக்கு 3 தம்படி தீர்வை விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்கென்று ஒதுக்கினார்கள். அந்த நிதியிலிருந்துதான் கூட்டுறவு நெசவாளர்க்குக் குடியிருப்புகளும் எழுந்தன. இன்றும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நெசவாளர் காலனி என்ற பெயரில் தெருக்கள் இருப்பதைக் காண்கிறோம். அக்காலத்தார் தனித்தனி ஆளுக்கு வீட்டுப் பணம் கொடுத்து மனையை அவனே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை. பலருக்குச் சேர்த்து நிலம் எடுத்தார்கள்; பாவாற்றத் தக்க அகலத்தில் தெரு விட்டார்கள்; பின்பு வீடு கட்டினார்கள். முதலில் நிலம், அப்புறம் வீடு என்ற அந்த வரிசையை இன்றைய திட்டங்கள் தலைகீழாக்கிவிட்டன. மனையில்லா இருபது குடும்பங்கள் தனித்தனியே இருபது மனு எழுதுவதைவிட, சங்கம் அவர்களுக்காக ஒரே மனுவில் ஓரிடத்தில் நிலம் கேட்பது அதிகாரிகளுக்கும் எளிது. அருப்புக்கோட்டைக் கோட்டாட்சியரிடம் சர்வே எண் குறிப்பிட்டே கேட்கலாம். கேட்குமுன் அது நீர்நிலையன்று என்று கிராமக் கணக்கில் பார்த்துக்கொள்வது நம் வேலை.

கரிசலைப் பற்றியும் சங்கம் குரல் கொடுக்க வேண்டும். வீட்டு உதவித் தொகையில் மலைப் பகுதிக்கு ஒரு விகிதம், சமவெளிக்கு ஒரு விகிதம் என்று வகுத்தார்கள். மண்ணைப் பார்த்து வகுக்கவில்லை. கரிசலில் அடித்தளத்தை ஆழப்படுத்தி, மணலும் சரளையும் நிரப்பி, கம்பி கட்டிய வளையம் போட்டு எழுப்ப வேண்டும். அடியில் குமிழ் போல் அகன்ற தூண்களை இறக்கிக் கட்டும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மண்ணுக்கென்றே வகுத்து நெடுங்காலமாகிறது. கொடுக்கும் தொகையில் பெரும் பகுதி மண்ணுக்குள்ளேயே போய்விட்டால் கூரைக்கு மிஞ்சுவது கடன். கடன் வாங்க அஞ்சியவன் அடித்தளத்தைக் குறைத்துக்கொள்கிறான். விரிசல் மறுபடி வருகிறது. கரிசல் பகுதிக்குத் தனி விகிதம் கோரி திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை ஒன்றியங்களின் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றினால், ஒரு சங்கத்தின் கோரிக்கையைவிட அதற்கு வலு அதிகம்.

வரும் மகாசபைக் கூட்டத்துக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று, அங்கத்தினர் ஒவ்வொருவரும் குடியிருக்கும் மனை யார் பெயரில் உள்ளது, வாடகையானால் ஒப்பந்தம் உண்டா, சுவரும் கூரையும் எந்நிலையில் உள்ளன என்பதை எழுதிய வீட்டுப் பதிவேடு ஒன்றை, புரட்டாசி முடியுமுன், சங்கம் தயாரிக்க வேண்டும். மற்றொன்று, மனுக்களை எழுதித் தாலுகாவுக்கும் ஒன்றியத்துக்கும் கொண்டு செல்ல மூவர் கொண்ட குழு. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும், ஏனெனில் மைத்துனர் வெளியேற்றிய விதவை ஆண்கள் நிறைந்த அறையில் வாய் திறக்க மாட்டாள். இக்குழு அலையும் நாட்களுக்கு நெசவுக் கூலி அளவில் படி கொடுக்க நிர்வாகக் குழு இசையுமானால், விரிசல் கண்ட வீடுகளின் பெயர்களை முதல் வாரத்திலேயே தருவதற்கு அங்கத்தினர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறார்கள்.